இடுப்பில் வைக்காத பிள்ளை

பன்னிரண்டாம் வகுப்பில் எத்தனை சதவீதம் என்று யாராவது கேட்டால் நான் சட்டென்று சொல்வதில்லை. வேலைக்கான நேர்காணல்களில் கேட்டிருக்கிறார்கள். தொண்ணூற்றொன்று என்று சொன்னால் போதும். என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அந்த எண்ணைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அது என் போன் திரையில் தெரிந்த நேரத்தில், கீழே ஒரு குழந்தை இறந்துகொண்டிருந்தாள். அதற்கு முன்பே இறந்திருக்கவும் கூடும். எது என்று எனக்குத் தெரியாது.

டெல்லி ஜங்புராவில் பாராபுலா நாலா என்ற பெரிய சாக்கடையை ஒட்டி, தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் இருந்தபோது நாங்கள் அங்கே குடியிருந்தோம். எங்கள் வரிசை வீடுகளின் பின்சுவருக்கு அப்பால் நேரே அந்தச் சாக்கடைதான். பெண்கள் எல்லோரும் காலையில் வீட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். நடக்கப் பழகிய பிள்ளைகளை யாரிடமாவது விட்டுப் போக வேண்டும். அப்படி விடுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். 'பாத்துக்கோ' என்று வாயால் சொல்லிவிட்டுப் போக முடியாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்தவள் இடுப்பில் வைக்க வேண்டும். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தால், தேய்த்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பிள்ளை அவள் இடுப்பில் உட்கார்ந்த பிறகுதான் இவள் கையை எடுக்கலாம். ஐந்து வயதுப் பையன்களைக்கூடக் கால் தரையில் இழுபட ஒரு நொடி தூக்கி வைத்து இறக்குவார்கள். பிள்ளை விழுந்து அடிபட்டுச் சண்டை வந்தால், "என் இடுப்புல வெச்சியா நீ?" என்ற ஒரே கேள்வியில் சண்டை முடிந்துவிடும்.

எனக்கு அந்த வழக்கம் பிடிக்காது. வாய்ச்சொல்லை நம்பத் தெரியாதவர்களின் பழக்கம் என்று நினைத்தேன். படித்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், கேட்டால் செய்வார்கள் என்று நம்பினேன்.

அம்மா வேலை செய்த வீடு லோதி ரோட்டில், அரசு குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருந்தது. அங்கே குடியிருந்தவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அதிகாரி. அவர் மனைவி செவிலியர். இருவருக்கும் திருநெல்வேலிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அம்மா அவர்களை சார், மேடம் என்பாள். நான் அங்கிள், ஆன்ட்டி என்பேன். அம்மாவுக்கு அது உதறல். பெரிய மனுஷங்களை அப்படிக் கூப்பிடாதே என்று பலமுறை திட்டியிருக்கிறாள். நான் மாற்றிக்கொள்ளவில்லை. நான் படித்த பள்ளி அந்த வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். பத்தாம் வகுப்பிலிருந்தே பள்ளி விட்டதும் அங்கே போய் அவர்கள் மகளோடு விளையாடிக்கொண்டிருப்பேன். பிறகு அவளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். டெல்லியில் பிறந்த பிள்ளை. பாதி இந்தி, பாதி தமிழ். 'அ' எழுதினால் அதற்கு வால் வைத்து நாய் ஆக்கிவிடுவாள். என்னைக் கண்டதும் அங்கிள், "ஏட்டி கலெக்டரம்மா, இன்னைக்கு என்ன உத்தரவு?" என்பார். அந்தக் கேலிக்காகவே நான் அங்கே போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

எனக்குப் பதினேழு முடிந்த அந்த மே மாதம் அவர்கள் இமாசலத்துக்கு ஒரு வாரம் விடுமுறைக்குக் கிளம்பினார்கள். என்னையும் அனுப்பும்படி ஆன்ட்டி அம்மாவிடம் கேட்டார். நான் சின்னப் பெண் என்றும், எனக்குப் பதில் தானே வருவதாகவும் அம்மா சொல்லிப் பார்த்தாள். வேலைக்கு இல்லை, பிள்ளைக்குத் துணையாக, எங்களோடு வரட்டும் என்றார் ஆன்ட்டி. நான் கேம்ப் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், வேலைக்காரியாகப் போகவில்லை என்று. ஒரு தட்டுகூடக் கழுவ மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "கழுவலன்னா போ. பாப்பாவ மட்டும் வுட்றாத" என்றாள்.

மலைக் கிராமத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முன்னால் வராந்தா, பின்னால் ஆப்பிள் மரங்கள். மரங்களுக்கு நடுவே மருந்து தெளிப்பதற்குத் தண்ணீர் தேக்கும் சிமெண்டுத் தொட்டி, தரையோடு தரையாக இருந்தது. அதன் மேல் ஒரு தகரம் பாதி மூடிக் கிடந்தது. முதல் நாளே நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். அங்கிள் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அருகில் போய்க் காட்டி, இங்கே வரக் கூடாது என்றார். அவள் தலையை ஆட்டினாள். வீட்டுக்காரரிடம் தகரத்தை முழுசாக மூடச் சொல்ல வேண்டும் என்று ஆன்ட்டி சொன்னார். அங்கிள் சொல்கிறேன் என்றார். சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. தகரம் அப்படியேதான் இருந்தது. நானே அதை இழுத்து மூடியிருக்கலாம். அது என் வேலை இல்லை என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆன்ட்டி தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். அங்கிள் வராந்தாவில் நாற்காலி போட்டு, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, அலுவலகத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அவர் காலருகே குழந்தை ஆப்பிள் இலைகளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரரின் நாய் குட்டி போட்டிருந்தது. அதில் ஒரு குட்டியை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தேர்வு முடிவு வந்துவிட்டதாக என் தோழி செய்தி அனுப்பியிருந்தாள். அந்த வீட்டில் போன் பேச்சுக் கேட்கும். இணையம் மாடியில்தான் வரும்.

நான் வராந்தாப் படியில் நின்று சொன்னேன்: "அங்கிள், பாப்பா இங்க இருக்கா. நான் மேல போய் ரிசல்ட் பாத்துட்டு வரேன்."

அவர் கையைத் தூக்கினார்.

அந்தக் கை எனக்காகத் தூக்கியதா, போனில் பேசியவரிடம் ஏதோ சொல்லும்போது தூக்கியதா? அவர் முகம் என் பக்கம் திரும்பவில்லை. அது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் படி ஏறினேன்.

மாடியில் தேர்வு முடிவுப் பக்கம் திறக்கச் சற்று நேரம் பிடித்தது. தேர்வு எண்ணை அடித்தேன், சுற்றியது, மறுபடி அடித்தேன். பிறகு வந்தது. ஒவ்வொரு பாடமாக மதிப்பெண்ணைப் படித்தேன். அதோடு கீழே இறங்கியிருந்தால் என்று இன்றும் கணக்கிட்டுப் பார்க்கிறேன். நான் இறங்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா யார் வீட்டிலோ வேலையில் இருந்தாள், எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டேன். அவள் சந்தோஷத்தில் வரிசை வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி கத்தியது போனில் கேட்டது. பிறகு தோழி. அவளுடைய மதிப்பெண் என்னைவிடக் குறைவு. அதை அவள் வாயால் இரண்டு முறை சொல்லவைத்துக் கேட்டேன். முடிவைப் பார்த்த நேரத்தைவிட அதைச் சொல்லிக்கொண்ட நேரம்தான் அதிகம்.

முதலில் அங்கிளின் குரல்தான் கேட்டது, பிள்ளையைப் பெயர் சொல்லி. சாதாரணமாகத்தான் கூப்பிட்டார். இரண்டாவது முறை கொஞ்சம் சத்தமாக. மூன்றாவது முறை கூப்பிட்ட குரலில் நான் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

தொட்டியிலிருந்து தூக்கியது அவர்தான். ஆன்ட்டி புல்லில் முட்டி போட்டு, செவிலியராகத் தனக்குத் தெரிந்த அத்தனையும் செய்தார். நிறுத்தவே இல்லை. ஊருக்குள்ளிருந்து ஆட்கள் வந்து அவரைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. நாய்க்குட்டி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

சாயங்காலம் போலீஸ்காரர் ஒருவர் வந்து வராந்தாவில் உட்கார்ந்து எழுதினார். கூடி நின்றவர்களில் ஒருவர், கூட வந்த நௌக்ரானி எங்கே, அவளைக் கேளுங்கள் என்றார். வேலைக்காரி. உள்ளே ஒரு குழந்தையைக் கட்டிலில் கிடத்தியிருக்கிறார்கள். எனக்கோ அந்தச் சொல்தான் சுட்டது. நான் வேலைக்காரி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போலீஸ்காரர் என்னைப் பார்த்துத் திரும்பினார். நான் பேசுவதற்குள் அங்கிள் சொன்னார்: "பச்சி மேரே பாஸ் தீ." குழந்தை என்னிடம்தான் இருந்தாள். அந்தப் பெண் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள், நான்தான் சரி என்றேன், கவனிக்காதது நான் என்று இந்தியில் நிதானமாகச் சொன்னார். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். என்னிடம் ஒரு கேள்விகூட வரவில்லை.

டெல்லி திரும்பியதும் கேம்பில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. லட்டு வாங்கி வைத்திருந்தவர்கள் அதைத் தங்கள் பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டார்கள். அம்மா என் தலையில் எண்ணெய் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். சாப்பாடு போட்டாள். நான் சாப்பிட்டு முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இடுப்புல வெச்சியா?"

நான் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன் என்றேன். அவர் கை தூக்கினார் என்றேன்.

"நான் அத கேக்கல" என்றாள் அம்மா. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன்பின் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அந்த வீட்டு வேலைக்கும் போகவில்லை.

நான் கல்லூரிக்குப் போனேன், பட்டம் வாங்கினேன், இப்போது நொய்டாவில் ஒரு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை. கேம்பை இடித்த பிறகு நரேலாவில் கிடைத்த வீட்டில் அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் மேலே ஏறியிருக்கிறது. ஆனால் லோதி ரோட்டுப் பூங்காவிலோ மெட்ரோ நிலையத்திலோ ஒரு குழந்தை தனியாக நிற்பதைக் கண்டால், யாராவது வந்து அதன் கையைப் பிடிக்கும்வரை என்னால் நகர முடியாது. இரண்டு முறை வேலைக்குத் தாமதமாகியிருக்கிறது. ஒரு முறை ஒரு தாய் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள். யாராவது மாடிப்படியில் எனக்குப் பின்னால் இறங்கினால், சின்னச் செருப்புச் சத்தமாகக் கேட்கும். திரும்பினால் பெரிய ஆட்கள்தான் வருவார்கள்.

அவர்களைப் பற்றிய செய்தி வந்துகொண்டுதான் இருந்தது. அம்மாவுக்குப் பின் அங்கே வேலைக்குப் போனவளும் எங்கள் கேம்ப்காரிதான். இருவரும் தனித்தனி அறையில் படுக்கிறார்கள் என்றாள். அவர் தானே சோறு போட்டுக்கொள்கிறார். அவர் கை பட்ட தண்ணீர்க் குவளையைக்கூட மேடம் எடுப்பதில்லை. சர்ச்சில் வேறு வேறு வரிசையில் உட்காருகிறார்களாம். "பாவம் அந்த சாரு. பெத்த புள்ளய தொலச்சவன்னு மேடம் மூஞ்சிக்கு நேராவே சொல்லுது" என்றாள். அவள் சொன்ன ஒவ்வொரு முறையும் நான் எழுந்து வேறு பக்கம் போனேன்.

ஏழு வருஷம் அப்படியே போனது. அவர் வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு ஊருக்குப் போகப் போவதாகவும், மேடம் நாகர்கோவிலில் அண்ணன் வீட்டுக்குத் தனியாகப் போவதாகவும் இந்தக் குளிர்காலத்தில் கேள்விப்பட்டேன். பிரிந்துவிட்டால் பிறகு யாரிடம் போய்ச் சொல்வது? தன் காதில் விழாத ஒரு வார்த்தைக்காக அவர் அந்தப் பழியைச் சாகும்வரை சுமப்பார். அது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்திருக்கும் நேரம் பார்த்து, காலை பதினோரு மணிக்கு நான் அந்த மூன்று மாடியை ஏறினேன்.

ஆன்ட்டிதான் கதவைத் திறந்தார். முடி நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததும் ஒதுங்கி வழி விட்டார். "அம்மா சுகமா இருக்காவளா?" என்று கேட்டார். கூடமெல்லாம் அட்டைப் பெட்டிகள். தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். நானும் எதிரே உட்கார்ந்து ஒரு டம்ளரை எடுத்துச் சுற்றத் தொடங்கினேன். ஐந்தாறு பாத்திரங்கள் முடிந்தன.

பிறகு சொன்னேன். அங்கிள் காதில் இயர்போன் இருந்ததைச் சொன்னேன். முகம் திரும்பவில்லை என்பதை நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் போனேன் என்றேன். அவருக்கு நான் சொன்னது கேட்டிருக்காது. அவரைப் பொறுத்தவரை பிள்ளை என் பொறுப்பில்தான் இருந்திருப்பாள். போலீஸ்காரரிடம் அவர் சொன்னது என்னைக் காப்பாற்ற. நான் வாயைத் திறக்கவில்லை.

ஆன்ட்டி கையில் இருந்த தூக்குவாளியைச் சுற்றி முடித்து, பெட்டிக்குள் வைத்தார்.

"இத என்னத்துக்கு இப்ப வந்து சொல்லுத?"

நான் ஒரு தட்டை எடுத்துச் சுற்றத் தொடங்கினேன்.

"உனக்கு லேசாவணும்னா?"

ஆமாம் என்றேன். வேறு பொய் சொல்ல முடியவில்லை.

அவர் வெகுநேரம் செய்தித்தாளை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"உனக்கு அன்னைக்குப் பதினேழு வயசு. எனக்கு முப்பத்தாறு. நான் தூங்கிட்டுக் கெடந்தேன். தாய்க்காரி தூங்கினியான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் என்கிட்ட கேக்கல, தெரியுமா? அவுக முந்திக்கிட்டு நான்தான்னு சொன்னதுனால யாரும் கேக்கல. நானும் அத அப்படியே பிடிச்சுக்கிட்டேன்."

அப்போது அங்கிள் வந்தார். பெட்டிகளை ஒட்டுவதற்கு டேப் வாங்கப் போயிருந்தார் போல. கையில் இரண்டு சுருள். என்னைக் கண்டு வாசலிலேயே நின்றார். மிகவும் மெலிந்திருந்தார். உட்காரு, எழுந்திருக்காதே என்று கையால் சைகை காட்டினார். ஆன்ட்டி அவரிடம் நேராகக் கேட்டார்.

"அன்னைக்கு இந்தப் பிள்ளை உங்ககிட்ட சொல்லிட்டுப் போனது உங்களுக்குக் கேட்டுதா?"

அவர் என்னைப் பார்த்தார். "கேட்டுச்சு."

"பொய் சொல்லாதீய. அவ எல்லாத்தையும் சொல்லிட்டா."

அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். டேப் சுருளின் நுனியை நகத்தால் தேடிக்கொண்டே இருந்தார். அது அவருக்கு அகப்படவில்லை.

"கேக்கல" என்றார் கடைசியில்.

எனக்குள் ஏதோ இறங்கியது. இதற்காகத்தான் வந்தேன். இனி பழி அவருடையது இல்லை, என்னுடையது. எழுந்து போகலாம் என்று நினைத்தேன்.

அவர் நிறுத்தவில்லை. "ஆனா பிள்ளை போறத நான் பாத்தேன். நாய்க்குட்டி பின்னால போனா. என் கண்ணுக்கு முன்னாலதான் படியெறங்கிப் போனா. என்னையத் திரும்பிப் பாத்துக் கையாட்டினா. நானும் கைய ஆட்டினேன். ஒரு நிமிஷத்துல பேசி முடிச்சிட்டுப் போலாம்னு இருந்துட்டேன்."

கீழே காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனது கேட்டது.

இதை அவர் போலீஸ்காரரிடம் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லவில்லை. ஏழு வருஷமாக அவர் சுமந்தது நான் கொடுத்த பழி என்று நினைத்திருந்தேன். அவரிடம் அவருடையதே இருந்திருக்கிறது. என்னுடையது என்னிடமேதான் இருந்தது. அதை அவர் வாங்கவே இல்லை. மூன்று பேரிடமும் முழுசு முழுசாக ஒரு பழி இருந்தது. ஒருவர் சொன்னதால் மற்றவருக்கு ஒரு துளிகூடக் குறையவில்லை. அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தபோது அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆன்ட்டி அவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பி, "நீ போம்மா. அம்மாவக் கேட்டேன்னு சொல்லு" என்றார். குரலில் கோபம் இல்லை, அன்பும் இல்லை. நான் பாதி சுற்றிய தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். அங்கிள் தலை நிமிரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

இரண்டு படி இறங்கி நின்றுவிட்டேன். ஒட்டுக் கேட்பது தப்பு என்று தெரியும். கால் நகரவில்லை. உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யாரோ தரையில் உட்கார்ந்தார்கள். பிறகு ஆன்ட்டியின் குரல், மெதுவாக, ஒரு நோயாளியிடம் கேட்பதுபோல.

"எந்தப் பக்கமா போனா? முதல்லயிருந்து சொல்லுங்க."

அங்கிள் சொல்ல ஆரம்பித்தார். வார்த்தைகள் எனக்குக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நான் கீழே இறங்கினேன்.